வேறு ப்ராசஸில் இருக்கும் ஆப்ஜெக்டைக் கூப்பிடும்போது ப்ராக்ஸி என்ன செய்கிறது?

கேள்வி இதுதான்: ஆன்ட்ராய்டில் ஒரு மியூசிக் சர்வீஸைத் தனி ப்ராசஸில் ஓட விட்டிருக்கிறீர்கள். ஏஐடிஎல் ஃபைல் (சர்வீஸின் மெத்தடுகளை அறிவிக்கும் ஃபைல்) எழுதினால் கம்பைலர் ஸ்டப், ப்ராக்ஸி என்று இரண்டு கிளாஸ்களை உருவாக்கித் தருகிறது. இவை உள்ளே என்ன செய்கின்றன? இதைச் சாதாரண மெத்தட் கால் என்றே நினைத்துக் கோட் எழுதலாமா? அப்புறம், பதிவு செய்த லிசனரை (நடப்பதைத் தெரிந்துகொள்ள சர்வீஸிடம் கொடுத்து வைக்கும் ஆப்ஜெக்டை) நீக்கச் சொன்னால் ஏன் நீங்கவே மாட்டேன் என்கிறது?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அப்படி நினைத்து எழுதக் கூடாது. பைட்டுகளை அடுக்குவது, அனுப்புவது, பிரிப்பது என்ற சிரமங்களை எல்லாம் ப்ராக்ஸி தன் தலையில் போட்டுக்கொள்கிறது. ஆனால் நடுவில் இன்னொரு ப்ராசஸ் இருக்கிறது என்பதை அதனால் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. உங்கள் லிசனர் நீங்காததற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு வர, ஒரு மெத்தட் காலை முழுதாகப் பின்தொடர்ந்து பார்ப்பது நல்லது.

ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதற்கென்று தனி முகவரி வெளி உண்டு. உங்கள் ப்ராசஸில் ஒரு ஆப்ஜெக்டின் முகவரியாக இருக்கும் எண், பக்கத்து ப்ராசஸில் வேறு எதையோ குறிக்கும், அல்லது எதையுமே குறிக்காது. ஆகவே ரெஃபரன்ஸை அப்படியே அனுப்பி வைக்க வழியில்லை. பதிலாக, அந்த ஆப்ஜெக்டின் அதே இன்டர்ஃபேஸைக் கொண்ட இன்னொரு சின்ன ஆப்ஜெக்டை உங்கள் பக்கம் வைக்கிறார்கள். அதுதான் ப்ராக்ஸி. அதனிடம் பாட்டும் இல்லை, பிளேயரும் இல்லை. அசல் ஆப்ஜெக்டைக் குறிக்கும் எண்ணான ஒரு ஹேண்டில் மட்டும் இருக்கிறது. எந்த மெத்தடைக் கூப்பிட்டாலும் அதை ஒரு செய்தியாக மாற்றி அந்த ஹேண்டிலுக்கு அனுப்பத் தெரியும், அவ்வளவுதான்.

உங்கள் சர்வீஸில் ஒரு மெத்தட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: பாட்டின் எண்ணைக் கொடுத்தால் அதன் நீளத்தை மில்லிசெகண்டில் திருப்பித் தரும். நீங்கள் அதைக் கூப்பிட்டதும் ப்ராக்ஸி இரண்டு பார்சல்களை (பைட்டுகளை அடுக்கும் பெட்டிகளை) எடுக்கிறது, ஒன்று போவதற்கு, ஒன்று வருவதற்கு. போகும் பார்சலில் முதலில் இன்டர்ஃபேஸின் முழுப் பெயரை எழுதுகிறது. அதற்கடுத்து பாட்டின் எண். பிறகு மெத்தடின் குறியீட்டு எண்ணையும் சேர்த்து ட்ரான்ஸாக்ட் என்ற மெத்தடிடம் கொடுக்கிறது. கவனியுங்கள், மெத்தடின் பெயர் எங்கேயும் போகவில்லை, எண் மட்டும்தான் போகிறது. இது பின்னால் ஓர் இடத்தில் காலை வாரும், அங்கே சொல்கிறேன்.

பைண்டர் என்பது ஆன்ட்ராய்டில் ப்ராசஸ்கள் பேசிக்கொள்ளும் வழி. ட்ரான்ஸாக்ட் கடைசியில் பைண்டர் டிரைவர் மீது ஓர் ஐஆக்ட்ல் காலாக (டிரைவரிடம் வேலை சொல்லும் கெர்னல் காலாக) முடிகிறது. கூப்பிட்ட த்ரெட் அங்கேயே தூங்கப் போய்விடுகிறது. கெர்னல் உங்கள் பைட்டுகளை எடுத்து, சர்வர் ப்ராசஸ் (சர்வீஸ் ஓடும் ப்ராசஸ்) ஏற்கெனவே எம்மேப் செய்து, அதாவது தன் முகவரி வெளியில் இணைத்து வைத்திருக்கும் பஃபரில் நேரடியாக எழுதுகிறது. பைப்பிலோ சாக்கெட்டிலோ அனுப்பினால் கெர்னலுக்குள் ஒரு தடவை, வெளியே ஒரு தடவை என்று இரண்டு முறை காப்பி ஆகும். இங்கே ஒரே காப்பி. சர்வர் பக்கம் பைண்டர் த்ரெட் ஒன்று விழித்து, ஸ்டப்பின் ஆன்ட்ரான்ஸாக்ட் மெத்தடுக்குள் நுழைகிறது. அங்கே பெரிய ஸ்விட்ச் ஒன்று இருக்கும். இன்டர்ஃபேஸ் பெயர் சரிதானா என்று பார்த்துவிட்டு, எண்ணுக்கு உரிய கிளைக்குப் போய், பார்சலில் இருந்து பாட்டின் எண்ணைப் படித்து, நீங்கள் எழுதிய உண்மையான மெத்தடைக் கூப்பிடும். திரும்பும்போது "பிழை எதுவும் இல்லை" என்று முதலில் எழுதி, அதன்பின் விடையை எழுதும். உங்கள் த்ரெட் விழிக்கும். ப்ராக்ஸி பிழை உண்டா என்று படித்துப் பார்த்து, இல்லையென்றால் விடையை எடுத்து உங்களிடம் தரும்.

இதை நம்பிக்கையின் பேரில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ப்ராஜெக்டை பில்ட் செய்ததும் உருவாகும் ஜாவா ஃபைலைத் திறந்து பாருங்கள். முதல் பார்வைக்குப் பயமாக இருந்தாலும் மேலே சொன்னதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து படித்தால் போதும், பைண்டர் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் ப்ராக்ஸி எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஹேண்டில் 0 என்பது எல்லா ப்ராசஸுக்கும் பொதுவாக சர்வீஸ் மேனேஜரைக் குறிக்கும். அதனிடம் கேட்டு சிஸ்டம் சர்வீஸ்களின் ஹேண்டில்களைப் பெறலாம். உங்களுடையது போன்ற ஆப் சர்வீஸ் என்றால், ஆக்டிவிட்டி மேனேஜர் நடுவில் நின்று அதன் பைண்டரை உங்கள் கையில் சேர்க்கிறது.

இந்த யோசனை ஆன்ட்ராய்டில் பிறந்ததல்ல. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்த பிர்ரலும் நெல்சனும் ரிமோட் ப்ரொசீஜர் காலைப் பற்றி 1984-இல் எழுதிய கட்டுரையிலேயே ஸ்டப்பைத் தானாக உருவாக்கும் கருவி இருக்கிறது. 1986-இல் மார்க் ஷபிரோ ப்ராக்ஸி கொள்கை என்ற பெயரில் அதை ஆப்ஜெக்டுகளின் உலகத்துக்குக் கொண்டுவந்தார். அவர் வலியுறுத்தியதில் ஒன்றை இன்றும் பலர் கவனிப்பதில்லை: ப்ராக்ஸியைத் தருவது சர்வீஸின் பொறுப்பு. சர்வீஸை எழுதியவரே ப்ராக்ஸியையும் தந்தால், நடுவில் என்ன மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்பது அவர்களுக்குள்ளேயே இருக்கும், வெளியே யாரும் அதை நம்பிக் கோட் எழுத வேண்டியதில்லை. பைண்டருக்கும் பழைய பூர்வீகம் உண்டு. பீ நிறுவனத்தில் தொடங்கி, பாம்சோர்ஸில் ஓப்பன்பைண்டராக வளர்ந்து, அந்த அனுபவத்தோடு வந்தவர்கள் வழியாக ஆன்ட்ராய்டுக்குள் நுழைந்தது. 2015-இல் வெளியான லினக்ஸ் 3.19-இல் அந்த டிரைவர் ஸ்டேஜிங் (இன்னும் பக்குவப்படாத கோடை வைக்கும்) பகுதியில் இருந்து முறையான கெர்னலுக்குள் இடம் பிடித்தது.

சரி, இப்போது உங்கள் லிசனர்.

சர்வீஸில் நீங்கள் ஒரு லிஸ்ட் வைத்திருப்பீர்கள். பதிவு செய்யும் மெத்தட் அதில் லிசனரைச் சேர்க்கும், நீக்கும் மெத்தட் அதிலிருந்து எடுக்கும். க்ளையன்ட் பக்கம் இரண்டு முறையும் ஒரே லிசனரைத்தான் அனுப்புகிறீர்கள். ஆனால் லிசனரும் ஒரு பைண்டர் ஆப்ஜெக்ட். அது சர்வருக்குப் போகும்போது கெர்னல் பார்சலுக்குள்ளேயே அதை அடையாளம் கண்டு, சர்வருக்குப் புரிகிற ஹேண்டிலாக மாற்றிவிடுகிறது. சர்வர் பக்கம் ஸ்டப் அந்த ஹேண்டிலை எடுத்து அஸ்இன்டர்ஃபேஸ் மெத்தடிடம் கொடுக்கிறது. அது ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு லிசனர் ப்ராக்ஸியைச் செய்து தருகிறது. பதிவு செய்தபோது வந்தது ஒரு ப்ராக்ஸி, நீக்கச் சொன்னபோது வந்தது இன்னொரு ப்ராக்ஸி. இரண்டும் ஒரே ஆப்ஜெக்டைச் சுட்டினாலும் ஜாவாவின் கண்ணுக்கு அவை வேறு வேறு. லிஸ்டில் தேடினால் கிடைக்காது, பிழையும் வராது, பேசாமல் திரும்பிவிடும். உங்கள் ஆக்டிவிட்டி மூடிய பிறகும் சர்வர் அந்த லிசனரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

அடையாளம் இருப்பது ப்ராக்ஸிக்கு அடியில் உள்ள பைண்டரில். அஸ்பைண்டர் என்ற மெத்தடைக் கூப்பிட்டு, இரண்டின் பைண்டரையும் ஒப்பிட்டால் சரியாக வரும். ஒரே ஹேண்டிலுக்கு ஒரு ப்ராசஸில் ஒரே பைண்டர் ப்ராக்ஸிதான் உயிரோடு இருக்கும்படி ஆன்ட்ராய்டு பார்த்துக்கொள்கிறது. ஆனால் இதை நீங்களே எழுத வேண்டாம். ரிமோட் கால்பேக் லிஸ்ட் என்ற கிளாஸ் இதற்கென்றே இருக்கிறது. அது பைண்டரைச் சாவியாக வைத்துத்தான் லிசனர்களைச் சேமிக்கிறது, க்ளையன்ட் ப்ராசஸ் செத்துவிட்டால் அதன் லிசனரைத் தானே நீக்கியும் விடுகிறது. உங்கள் லிஸ்டை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள், பிரச்சினை முடிந்தது.

இதிலேயே இன்னொரு அழகான விஷயம் உண்டு. நீங்கள் அனுப்பிய லிசனரையே சர்வர் வேறொரு மெத்தட் வழியாக உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தால், உங்களுக்கு ப்ராக்ஸி வராது. ஹேண்டில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததை கெர்னல் கண்டுகொண்டு மறுபடி அசல் ஆப்ஜெக்டாக மாற்றித் தரும். அஸ்இன்டர்ஃபேஸும் முதலில் "இது இதே ப்ராசஸில் இருக்கும் ஆப்ஜெக்டா?" என்று கேட்டுப் பார்க்கும். ஆமாம் என்றால் ப்ராக்ஸியே செய்யாமல் அசலைத் தந்துவிடும்.

அந்தக் குறுக்கு வழி வேகத்துக்கு நல்லது, ஆனால் டெஸ்டிங்கில் ஏமாற்றும். சர்வீஸை அதே ப்ராசஸில் வைத்துச் சோதித்தால் நீங்கள் சோதிப்பது வெறும் மெத்தட் காலைத்தான். அனுப்பும் ஆப்ஜெக்ட் காப்பி ஆகாது, அசலே போகும். ஒன்வே (கூப்பிட்டவர் பதிலுக்குக் காத்திருக்காதது) என்று அறிவித்த மெத்தட்கூட முடியும் வரை காத்திருக்கும். மறுபக்கத்தை அடைய முடியாதபோது வரும் ரிமோட் எக்ஸெப்ஷன் வரவே வராது. அங்கே எல்லாம் பச்சையாக ஓடிவிட்டு, வெளியிட்டபின் தனி ப்ராசஸில் உடையும். மேனிஃபெஸ்டில் ப்ராசஸ் பெயரைக் கொடுத்து, தனி ப்ராசஸில் ஓட வைத்துத்தான் டெஸ்ட் எழுத வேண்டும். இதில் நான் எந்த விட்டுக்கொடுத்தலுக்கும் தயாராக இல்லை.

காப்பி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பைண்டர் ஆப்ஜெக்டுகள் ரெஃபரன்ஸாகப் போகும். மற்ற எல்லாம், எண், ஸ்ட்ரிங், பார்சலபிள் (பார்சலில் எழுதத் தெரிந்த ஆப்ஜெக்ட்) எல்லாமே, காப்பியாகத்தான் போகும். பாட்டுப் பட்டியலை அனுப்பி, சர்வர் அதை வரிசைப்படுத்தினால் உங்கள் கையில் இருக்கும் பட்டியல் மாறாது. மாற வேண்டும் என்றால் ஏஐடிஎல்லில் இன்அவுட் என்று போட வேண்டும். அப்போதும் நடப்பது என்ன என்றால், சர்வர் தன் காப்பியைத் திருப்பி அனுப்ப, ப்ராக்ஸி அதைப் படித்து உங்கள் ஆப்ஜெக்டின் மேல் எழுதுகிறது. பைத்தான்காரர்கள் மல்டிப்ராசஸிங் மேனேஜரில் (ப்ராசஸ்களுக்கிடையே ஆப்ஜெக்டுகளைப் பகிரும் கருவியில்) இதே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். மேனேஜர் தந்த டிக்‌ஷ்னரிக்குள் ஒரு சாதாரண லிஸ்டை வைத்துவிட்டு, டிக்‌ஷ்னரி வழியாகவே அதில் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள், ஒன்றும் மாறியிருக்காது. டிக்‌ஷ்னரிதான் ப்ராக்ஸி, உள்ளே இருந்து எடுத்த லிஸ்ட் வெறும் காப்பி. காப்பியில் சேர்த்தது யாருக்கும் தெரியாது. லிஸ்டை வெளியே எடுத்து, மாற்றி, மறுபடி உள்ளே வைக்க வேண்டும், அல்லது பைத்தான் 3.6-இல் இருந்து அனுமதிப்பது போல உள்ளேயும் மேனேஜரின் லிஸ்டையே வைக்க வேண்டும். எடுத்து மாற்றி வைக்கும் வழியில் போனால் பூட்டும் தேவை, நடுவில் இன்னொரு ப்ராசஸ் புகுந்துவிடலாம்.

அனுப்பும் அளவுக்கும் வரம்பு உண்டு. ஒரு ப்ராசஸின் பைண்டர் பஃபர் சுமார் 1 எம்பி. அதுவும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ட்ரான்ஸாக்‌ஷனுக்கும் சேர்த்து. அதனால்தான் சில நேரம் சின்ன விஷயம் அனுப்பும் வரியில் "ரொம்பப் பெரிது" என்ற பிழை வந்து நிற்கும். உண்மையான குற்றவாளி பஃபரை நிரப்பி வைத்திருக்கும் இன்னொரு கால். ஆல்பம் படத்தை பைட் வரிசையாக அனுப்பாதீர்கள். ஃபைல் டிஸ்கிரிப்டரையோ ஷேர்டு மெமரியையோ அனுப்புங்கள். பைண்டர் டிஸ்கிரிப்டரை மறுபக்கத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும்.

நேரத்தைப் பற்றி. ஒரே ப்ராசஸில் ஒரு மெத்தட் கால் சில நானோசெகண்ட். பைண்டர் கால் என்றால் எல்லாம் நன்றாக இருக்கும்போதே பத்துக்கணக்கான மைக்ரோசெகண்ட், மறுபக்கம் வேலை அதிகம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஆகலாம். பாட்டின் பெயருக்கு ஒரு கால், நீளத்துக்கு ஒரு கால், பாடகருக்கு ஒரு கால் என்று ஐநூறு பாட்டுக்கு லூப் போட்டால் ஆயிரத்து ஐந்நூறு முறை ப்ராசஸைத் தாண்டிப் போய் வருகிறீர்கள். ஒரு பாட்டின் எல்லா விவரமும் ஒரே பார்சலபிளாக, முடிந்தால் ஒரு பக்கத்துக்குத் தேவையான பாட்டுகள் மொத்தமாக வரும்படி இன்டர்ஃபேஸை அமையுங்கள். கிளாஸுக்குள் அழகாக இருக்கும் சின்னச் சின்ன கெட்டர்கள் ப்ராசஸ் எல்லையில் பொருந்தாது. மெயின் த்ரெடில் இருந்து கூப்பிடவும் வேண்டாம். மறுபக்கம் தொங்கிவிட்டால் நீங்களும் தொங்குவீர்கள், தொட்டதற்கு 5 நொடியில் பதில் வராவிட்டால் ஆப் வேலை செய்யவில்லை என்ற பெட்டி வந்துவிடும்.

சர்வர் பக்கம் உங்கள் மெத்தடுகள் பைண்டர் த்ரெடுகளின் குழுவில் ஓடுகின்றன. சாதாரண ஆப்புக்கு கெர்னல் 15 த்ரெட் வரை கூடுதலாக உருவாக்கச் சொல்லும். இரண்டு க்ளையன்ட் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் உங்கள் மெத்தட் இரண்டு த்ரெடில் ஒரே நேரத்தில் ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். இன்னும் நுட்பமான ஒன்று: நீங்கள் சர்வரைக் கூப்பிட்டுக் காத்திருக்கும்போது, அதே காலுக்குள் இருந்து சர்வர் உங்கள் லிசனரைக் கூப்பிட்டால், அது உங்கள் பக்கம் புதிய த்ரெடில் ஓடாது. காத்துக்கொண்டிருக்கும் அதே த்ரெடை கெர்னல் எழுப்பி, அதிலேயே ஓட வைக்கும். பூட்டைப் பிடித்தபடி கூப்பிட்டிருந்தால், அதே த்ரெட் என்பதால் ஜாவா மறுபடி உள்ளே விட்டுவிடும், நீங்கள் பாதி மாற்றி வைத்த தகவலை லிசனர் பார்க்கும். சர்வர் தன் வேறொரு த்ரெடில் இருந்து லிசனரைக் கூப்பிட்டு, அது முடியும் வரை உங்களுக்குப் பதில் தராமல் இருந்தால், லிசனர் அந்தப் பூட்டுக்காகவும் நீங்கள் பதிலுக்காகவும் நின்றுவிடுவீர்கள், அது டெட்லாக். பூட்டைப் பிடித்துக்கொண்டு ப்ராக்ஸியைக் கூப்பிடக் கூடாது. லிசனர் இன்டர்ஃபேஸ்களை ஒன்வே என்று அறிவிப்பது நல்ல பழக்கம். எந்த க்ளையன்டுக்காகவும் சர்வர் காத்திருக்காது.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது: மறுபக்கம் சாகலாம். ஒரே ப்ராசஸில் நீங்கள் ஓடுகிறீர்கள் என்றால் நீங்கள் கூப்பிடும் ஆப்ஜெக்டும் இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. மெமரி போதவில்லை என்று சிஸ்டமே சர்வரைக் கொன்றிருக்கலாம். அப்போது டெட் ஆப்ஜெக்ட் எக்ஸெப்ஷன் வரும். அது வந்தால் உங்கள் வேலை நடந்ததா இல்லையா என்று தெரியாது. போவதற்கு முன்பே செத்திருக்கலாம், முடித்துவிட்டுப் பதில் எழுதும் முன் செத்திருக்கலாம். பிர்ரலும் நெல்சனும் இதைத் தெளிவாகவே வரையறுத்தார்கள்: பதில் வந்தால் சரியாக ஒரு முறை நடந்திருக்கிறது, பிழை வந்தால் ஒரு முறை நடந்திருக்கலாம் அல்லது நடக்காமலே போயிருக்கலாம். ஆகவே "பாட்டைப் பட்டியலில் சேர்" போன்ற மெத்தடை மறுபடி முயன்றால் அது இரண்டு முறை சேர்ந்துவிடலாம். கோரிக்கைக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, ஏற்கெனவே பார்த்த எண் என்றால் சர்வர் விட்டுவிடும்படி எழுதலாம். அந்த எண்களை சர்வர் டிஸ்கில் வைத்திருக்க வேண்டும். மெமரியில் வைத்தால் அவையும் அதோடு போய்விடும்.

இதை மறைக்கப் பார்க்கக் கூடாது என்று 1994-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜிம் வால்டோவும் மூன்று சகாக்களும் ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். உள்ளூர் ஆப்ஜெக்டையும் தொலைவில் உள்ளதையும் ஒரே மாதிரி காட்டும் சிஸ்டம் நம்பகமாக இருக்காது என்பது அவர்கள் கட்சி. ஜாவா ஆர்எம்ஐயில் (ஜாவாவின் ரிமோட் மெத்தட் கால் வசதியில்) ஒவ்வொரு ரிமோட் மெத்தடும் ரிமோட் எக்ஸெப்ஷனை அறிவித்தே ஆக வேண்டும் என்று வைத்ததில் அந்தச் சிந்தனை தெரிகிறது. ஏஐடிஎல்லும் அதையே செய்கிறது. நான் முழுக்க அவர்கள் பக்கம். அந்தப் பிழையை வெறும் ட்ரை-கேட்சில் விழுங்கிவிட்டுப் பூஜ்யத்தைத் திருப்பித் தரும் ரேப்பரை எழுதாதீர்கள். காட்லினில் எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்த எக்ஸெப்ஷனைப் பிடி என்று கம்பைலர் அங்கே வற்புறுத்தாது. மறுபக்கம் செத்ததும் தெரிய வேண்டும் என்றால் லிங்க் டு டெத் வழியாகப் பதிவு செய்து வையுங்கள், நீங்கள் எதையும் கூப்பிடாமலே செய்தி வரும்.

சர்வர் மெத்தடுக்குள் எழும் பிழைகளில் சில வகைகள் மட்டுமே எல்லையைத் தாண்டி வரும்: செக்யூரிட்டி, தவறான ஆர்க்யுமென்ட், தவறான நிலை, நல் பாயின்டர் போன்ற சில. நீங்களே செய்த எக்ஸெப்ஷன் கிளாஸ் தாண்டி வராது, சர்வரின் லாகில் மட்டும் விழும். ஆகவே தோல்விகளை விடையின் ஒரு பகுதியாகவே வடிவமையுங்கள்.

மெத்தட் எண் விஷயத்துக்கு வருகிறேன். அந்த எண்கள் ஏஐடிஎல் ஃபைலில் மெத்தடுகள் எழுதப்பட்ட வரிசைப்படி 1, 2, 3 என்று போகும். நடுவில் ஒரு புது மெத்தடைச் செருகினால் கீழே இருப்பவை எல்லாம் ஓர் எண் நகரும். பழைய ஃபைலை வைத்துக் கட்டிய க்ளையன்ட் ஆப் "பாட்டை நிறுத்து" என்று கூப்பிட, சர்வரில் வேறு மெத்தட் ஓடும். இன்டர்ஃபேஸ் பெயர் ஒன்றுதான் என்பதால் சோதனையிலும் தேறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே ஆப்புக்குள் என்றால் கவலையில்லை. வேறு ஆப்புகளும் பயன்படுத்தினால் புதியவற்றைக் கடைசியில் மட்டுமே சேர்க்க வேண்டும், பழையவற்றை நீக்கவே கூடாது.

அனுமதிச் சோதனையை ப்ராக்ஸி பக்கம் வைக்காதீர்கள். ப்ராக்ஸி ஓடுவது க்ளையன்டின் ப்ராசஸில், அவர் விரும்பினால் அதை ஒதுக்கிவிட்டுத் தானே பார்சலை அடுக்கி அனுப்பலாம். சோதனை ஸ்டப்பைத் தாண்டி உங்கள் மெத்தடில் இருக்க வேண்டும். யார் கூப்பிடுகிறார் என்பதை பைண்டரின் கெட் காலிங் யூஐடி மெத்தடிடம் கேளுங்கள். அந்த எண்ணைக் கெர்னல் தருகிறது, க்ளையன்டால் பொய் சொல்ல முடியாது. ஒன்வே காலிலும் இந்த எண் கிடைக்கும், ப்ராசஸ் எண்தான் 0 என்று வரும், அதை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

இப்போதைக்கு உங்கள் கோடில் இரண்டு மாற்றம் செய்யுங்கள்: லிஸ்டுக்குப் பதிலாக ரிமோட் கால்பேக் லிஸ்ட், லிசனர் இன்டர்ஃபேஸுக்கு ஒன்வே. பிறகு ஒரு நீளமான கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வர் ப்ராசஸைக் கொன்று, உங்கள் ஸ்க்ரீன் என்ன செய்கிறது என்று பாருங்கள்.